அடைப்புக்குறி இருந்தால் லிஸ்ப் ஆகிவிடுமா?

ஒரு நிரல்மொழி லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்ததா என்று வாதிடுவோர் பெரும்பாலும் அதன் அடைப்புக்குறிகளை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இதுவே பரவலான முதல் தவறு. 1958இல் எம்.ஐ.டி.யில் லிஸ்ப்பை உருவாக்கத் தொடங்கிய ஜான் மெக்கார்த்தி, நிரல்களுக்கென்று வேறொரு எழுத்துமுறையைத்தான் எண்ணியிருந்தார். அடைப்புக்குறி வடிவம் தரவுக்கு உரியதாக இருந்தது. அவரது கட்டுரையில் கண்ட, ஒரு நிரலை வாங்கி அதன் விடையைக் கணக்கிடும் சார்பை (function) அவரிடம் பணியாற்றிய ஸ்டீவ் ரஸ்ஸல் ஐபிஎம் 704 கணினியில் இயங்கச் செய்தபின், தரவின் வடிவமே நிரலுக்கும் நிலைத்துவிட்டது. பிரௌசர்களில் இயங்கும் கீழ்நிலை நிரல் வடிவமான வெப்அசெம்பிளியின் உரை வடிவத்திலும் அடைப்புக்குறிகள் மண்டிக் கிடக்கின்றன. ஆனாலும் அதை லிஸ்ப் என்று எவரும் சொல்வதில்லை. ஆப்பிள் நிறுவனத்தில் பிறந்த டிலன் மொழியோ, அடைப்புக்குறி வடிவில் தொடங்கிப் பின்னர் அதைக் கைவிட்டது.

பார்க்க வேண்டியது குறியை அன்று, அந்தக் குறி எதற்கு இடம் தருகிறது என்பதை. (+ 2 5) என்று எழுதினால் 7 கிடைக்கும். அதன் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை இட்டு '(+ 2 5) என்றால், கணக்கு நடக்காமல் மூன்று உறுப்புகள் கொண்ட பட்டியலாக அது அப்படியே நிற்கும். இன்னொரு நிரல் அந்தப் பட்டியலின் முதல் உறுப்பை எடுத்துவிட்டுப் பெருக்கல் குறியை வைத்து மதிப்பிட்டால் 10 வரும். நிரலையே தரவாகக் கையாளும் இந்த வசதியின் மேல்தான் லிஸ்ப்பின் மேக்ரோக்கள், அதாவது நிரலை எழுதித் தரும் நிரல்கள், நிற்கின்றன. என் கணிப்பில் குடும்ப அடையாளத்துக்கு மிக நெருங்கியதும் இதுவே.

சிறப்பம்சங்களைப் பட்டியலிட்டு மதிப்பெண் போடுவதும் பயன் தராது. பயன் முடிந்த நினைவகத்தைத் தானாகவே மீட்டெடுத்தல், சார்புகளை மதிப்புகளாகக் கையாளுதல் முதலியவை ஒரு காலத்தில் லிஸ்ப்பின் தனிச்சொத்துபோல் இருந்தன. இன்று பைத்தானிலும் ரூபியிலும் அவை உண்டு.

தாக்கத்தை வம்சாவளியாகக் கொள்வது இன்னொரு தவறு. பிரௌசருக்குள் லிஸ்ப் குடும்பத்து ஸ்கீம் மொழியைக் கொண்டுவரலாம் என்ற பேச்சோடுதான் பிரெண்டன் ஐக் 1995இல் நெட்ஸ்கேப்பில் சேர்ந்தார். உருவானது ஜாவாவின் சாயலுடைய ஜாவாஸ்கிரிப்ட். இதை வைத்து அதுவும் ஒரு ஸ்கீம்தான் என்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் பங்காளி ஆகிவிட மாட்டான்.

இதற்கு நேர்மாறான தவறு, தூய்மை பார்த்து ஒதுக்குவது. 2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர் மொழி, பட்டியல்களைக் கோக்கப் பழைய லிஸ்ப் பயன்படுத்திய மாற்றத்தக்க இணைகளை (pairs) அடித்தளமாகக் கொள்ளவில்லை, சதுர அடைப்பையும் நெளிவு அடைப்பையும் தாராளமாகப் பயன்படுத்துகிறது என்பதற்காகச் சிலர் அதை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். ஆனால் அங்கேயும் நிரல் தரவாகவே படிக்கப்படுகிறது, மேக்ரோக்கள் அதன்மேல் இயங்குகின்றன. ஆகவே நான் அதை உள்ளேதான் சேர்ப்பேன்.

குடும்பம் ஒன்று என்பதால் வழக்கமும் ஒன்று என்று நம்பிவிடுவதுதான் நடைமுறையில் அதிகம் அடிபட வைக்கிறது. நிபந்தனையில் வரும் காலிப் பட்டியல், லிஸ்ப்பின் இன்னொரு வடிவமான காமன் லிஸ்ப்பில் பொய், ஸ்கீமில் மெய். ஆகவே பட்டியல் காலியானதும் ஒன்றில் சரியாக நின்ற சுழல் (loop), மற்றதில் நிற்காமல் ஓடக்கூடும். காமன் லிஸ்ப் சார்புகளின் பெயர்களையும் மாறிகளின் பெயர்களையும் தனித்தனியே வைத்திருப்பதால், பட்டியல் உருவாக்கும் சார்பின் பெயரையே அங்கே ஒரு மாறிக்குச் சூட்டலாம். ஸ்கீமில் அப்படிச் செய்தால், அந்த மாறியின் எல்லைக்குள் அந்தச் சார்பை அப்பெயரால் அழைக்க முடியாது.