எறும்புகளோடு ஒரு மாரிகாலம்: மலிவான வீடியோ விளையாட்டொன்றை நேசிக்கும் முறை

கிளிநொச்சியில் எங்கள் வீட்டிலிருக்கும் எக்ஸ்பொக்ஸ் 360 என்ற வீடியோ விளையாட்டுக் கருவி, லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா தன் பிள்ளைகள் தொடுவதில்லை என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. அதனோடு வந்த இறுவட்டுகளில் மற்றவையெல்லாம் கீறல் விழுந்து பழுதாகிவிட, இன்றுவரை ஓடுவது ‘எர்த் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் 2017’ ஒன்றுதான். விண்வெளியிலிருந்து வந்த இராட்சத எறும்புகளையும் சிலந்திகளையும் ஒற்றைச் சிப்பாய் சுட்டுத்தள்ளும் அந்த விளையாட்டை முதல் மூன்று நாட்கள் நான் வெறுத்தேன். பிறகு எனக்குப் பிடித்துப்போனது. குறைகளை மறைக்கக்கூடத் தெரியாத ஒரு விளையாட்டு உங்கள் கையிலும் இருக்குமானால், அதனோடு எப்படிப் பழகலாம் என்பதை இதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அது எந்த விலைக்குப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானில் டி3 பப்ளிஷர் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக ‘சிம்பிள் 2000’ என்றொரு வரிசையை வெளியிட்டுவந்தது. பெயரிலுள்ள 2000 என்பது விளையாட்டொன்றின் விலை, யென் கணக்கில். அந்த வரிசைக்காக 2003இல் சாண்ட்லொட் என்ற சிறிய நிறுவனம் செய்துகொடுத்த விளையாட்டிலிருந்துதான் இந்தத் தொடர் தொடங்கியது. எங்களிடமிருப்பது, 2006 இறுதியில் ஜப்பானில் வெளிவந்த மூன்றாவது விளையாட்டு. தலைப்பிலுள்ள 2017 கதை நடக்கும் ஆண்டு மட்டுமே. இந்த வரலாறு குறைகளுக்குச் சமாதானம் சொல்வதற்கானதல்ல. இருந்த காசை அவர்கள் எதில் போட்டார்கள் என்று பார்ப்பதற்கானது. இரணைமடுக் குளத்தில் நீர் குறைந்த ஆண்டுகளில், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கமக்காரர் கூட்டம் கூடி முடிவெடுப்பார்கள். எல்லா வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் ஒரு வயலும் விளையாது. சாண்ட்லொட்காரர் தண்ணீர் பாய்ச்சியது இரண்டே வயல்களுக்கு: ஒன்று, பஸ் அளவு எறும்புகள் திரை நிறைய வருவது; மற்றது, கண்ணில் படும் எந்தக் கட்டடத்தையும் இடித்து வீழ்த்தலாம் என்பது. மற்ற வயல்கள் எல்லாம் தரிசாகக் கிடக்கின்றன.

அடுத்தது, குறைகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்கு மிகவும் உதவியது இந்தப் பழக்கம்தான். பக்கத்தில் இருந்து பார்த்த மருமகன், “மாமா, இது ஏன் இப்பிடி இழுபடுது?” என்று கேட்டபோது, தொடக்கத்தில் ரீவியின் மீது பழியைப் போட்டேன். அது பொய். எறும்புகள் கூட்டமாக வந்து ரொக்கட்டும் வெடித்தால் கருவியால் தாக்குப்பிடிக்க முடியாமல், எல்லாமே நீருக்கடியில் நடப்பதுபோல மெதுவாகிவிடுகிறது. யுத்தத் தாங்கி முதலிய வாகனங்களை ஓட்டுவது, திருகிப்போன முன்சில்லுள்ள சைக்கிளில் மணலுக்குள் போவதைப் போன்றது. கூட வரும் சிப்பாய்கள் அதே வசனங்களைத் திரும்பத் திரும்பக் கத்துவார்கள். நாம் விட்ட ரொக்கட் அருகிலேயே வெடித்தால் நாமே சாகிறோம்.

இவற்றை ஒன்றாகக் குவித்து வைக்காமல், ஒவ்வொன்றையும் எடுத்து, இது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். திரை இழுபடுவது, அவர்கள் எறும்புகளின் எண்ணிக்கையைக் குறைக்க மறுத்ததால் வந்தது. அந்தக் குறையை நீக்கினால் விளையாட்டின் உயிரும் போய்விடும். சொந்த ரொக்கட்டால் சாவதும் அப்படித்தான்: வெடிக்கு உண்மையான வீச்சு இருப்பதால்தான் கட்டடமும் விழுகிறது, நாமும் விழுகிறோம். வாகனங்களின் நிலை வேறு. அவை வெறும் அசட்டை. முதல் வகைக் குறையோடு பழகலாம், காலப்போக்கில் அதை எதிர்பார்க்கவும் தொடங்குவீர்கள்; திரை மெதுவாகும் கணத்தை, எந்தப் பக்கம் உருளுவது என்று யோசிக்கக் கிடைத்த அவகாசமாகவே நான் இப்போது பயன்படுத்துகிறேன். இரண்டாம் வகையோடு பழக முயல வேண்டாம், விலகி நடவுங்கள். தாங்கி நின்றால் நிற்கட்டும், நீங்கள் காலாலேயே போங்கள். ஓட முடியாத சிப்பாய்தான், ஆனால் தொடர்ந்து உருண்டால் நடையைவிட விரைவாகப் போகலாம்.

விளையாட்டு சொல்லித்தராத, ஆனால் அதன் சுவை முழுவதும் தங்கியிருக்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. இறந்த பூச்சிகள் பெட்டிகளை விட்டுச் செல்லும்: பச்சை ஆயுதத்துக்கு, வெள்ளை காயத்துக்கு, சிவப்பு கவசத்துக்கு. கவசப் பெட்டி ஒவ்வொன்றும் உங்கள் உயிர்ப்பலத்தைச் சிறிதளவு, ஆனால் நிரந்தரமாக, உயர்த்தும். கடைசிப் பூச்சி செத்த மறுகணமே கட்டம் முடிந்துவிடும் என்பதால், நகரமெங்கும் சிதறிக் கிடக்கும் பெட்டிகள் எடுபடாமலே போய்விடும். ஆகவே கடைசி எறும்பைக் கொல்லாதீர்கள். அதை உயிரோடு விட்டு, அது அமிலம் பீச்சிக்கொண்டு துரத்தத் துரத்தப் பெட்டிகளைப் பொறுக்குங்கள். ஒருவராகச் செய்தால் இது சலிப்பான வேலை. திரையை இரண்டாகப் பிரித்து இருவராக விளையாடினால் இதுவே நாளின் நல்ல பகுதி. நான் எறும்பை, கட்டாக்காலி மாட்டை வேலியோரமாகச் சாய்த்துக்கொண்டு போவதைப் போல, ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு இழுத்துச் செல்வேன். மருமகன் மறுபக்கத்தில் பெட்டி பொறுக்குவான். எங்களுக்கிடையே நடந்த நீண்ட பேச்சுகளெல்லாம், அவனுடைய பள்ளிக்கூடக் கதைகள் உட்பட, அந்தக் கடைசி எறும்பு உயிரோடிருந்த நேரங்களில் நடந்தவை. இது வடிவமைப்பின் பிழை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். பிழைதான்.

கடினநிலைகள் ஐந்து. 53 கட்டங்களையும் சாதாரண நிலையில் ஒருமுறை முடித்துவிட்டு மேல்நிலைக்குப் போங்கள், ஏனெனில் நல்ல ஆயுதங்கள் அங்குதான் விழும். ‘எயர் டோர்டொய்ஸ்’ என்ற ஏவுகணை கிடைத்தால் ஒருமுறையேனும் சுட்டுப்பாருங்கள். பெயருக்கேற்ப ஆமையைப்போல ஊர்ந்து போகும். அது போய்ச் சேருவதற்குள் தேநீர் ஊற்றிக்கொண்டு வரலாம், சேர்ந்தால் அங்கே எதுவும் மிஞ்சாது. இதை யோசித்தவரைச் சந்தித்தால் கைகொடுப்பேன்.

வன்னியில் விளையாடுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இதில் சைரன் ஒலிக்கும், கட்டடங்கள் சரியும், வானொலியில் ஆட்கள் கத்துவார்கள். 2009 வரையான காலத்தை இந்த மண்ணில் கழித்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இது எறும்பு விளையாட்டாகக் கேட்காது. முதல் நாள் அம்மா எதுவும் சொல்லவில்லை; கையிலிருந்த சுளகை வைத்துவிட்டு எழுந்து குசினிக்குள் போனார். அன்றிலிருந்து ரீவியின் சத்தத்தை முற்றாக நிறுத்திவிட்டுத்தான் விளையாடுகிறோம். ராடரில் எதிரிகள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவதால் ஒலி இல்லாமலும் சமாளிக்கலாம், திரும்பத் திரும்ப வரும் வசனங்களிலிருந்தும் தப்பலாம். மனிதரை மனிதர் சுடும் செலவுமிக்க போர் விளையாட்டுகள் எனக்கு ஒருபோதும் ஒட்டவில்லை. அவற்றில் எல்லாம் அசலைப் போலவே இருக்கின்றன. இங்கே கட்டடம் அட்டைப்பெட்டியைப் போல மடிகிறது, எதிரி எறும்பாகவோ சிலந்தியாகவோ இராட்சத மிருகமாகவோ இயந்திரமாகவோதான் இருக்கிறான். காசு போதாமையால் வந்த இந்தப் பொய்த்தன்மைதான் என்னை இதற்குள் இருக்கவிடுகிறது. சத்தம் நின்ற சில நாட்களுக்குப் பிறகு அம்மா மீண்டும் விறாந்தையில் வந்து அமர்ந்து, உவ்வளவு பெரிய முசுறுக்கு மருந்தடிக்க ஒருத்தரும் இல்லையோ என்று கேட்டார்.

நண்பர்களுக்குக் காட்டும்போது ‘நல்ல விளையாட்டு’ என்று சொல்லி இருத்தாதீர்கள். இதில் இன்னது பிழை, இன்னது பிழை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரண்டாவது கொன்ட்ரோலரைக் கையில் கொடுத்து, ரொக்கட்டோடு நகரத்தின் நடுவில் விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்தில் சிரிக்காதவரை வற்புறுத்த வேண்டாம்.

இறுதியாக, மின்சாரம். கட்டத்தை வென்று முடித்தால்தான் பொறுக்கிய பெட்டிகள் உங்களுக்குச் சேரும். இடையில் செத்தாலும் கரண்ட் போனாலும் அத்தனையும் வீண். மாரிகாலத்தில் இடி கேட்கத் தொடங்கினால் பேராசைப்படாமல், எடுத்தது போதும் என்று கடைசி எறும்பைச் சுட்டுவிடுங்கள். நான் இதை அறிந்தே, தெருவின் மறுகோடியில் இன்னும் நான்கு சிவப்புப் பெட்டிகள் கிடக்கின்றன என்று மருமகன் சொன்னதைக் கேட்டு, இரண்டு தடவை இருட்டில் இருந்திருக்கிறேன்.