ஊர் திருகோணமலை, வேலை கொழும்பில்: வாக்காளர் இடாப்பில் பெயரைச் சரியான இடத்தில் பதிவது எப்படி?

கிண்ணியாவிலோ சாம்பல்தீவிலோ தம்பலகாமத்திலோ பிறந்து, கொழும்பிலும் வத்தளையிலும் கண்டியிலும் தொழில் செய்துகொண்டு, பொங்கலுக்கும் பெருநாளுக்கும் மட்டும் ஊர் வந்து போகிறவர்கள் நம்மிடையே ஏராளம். தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னரே இவர்களில் பலர் “என் வாக்கு எங்கே இருக்கிறது?” என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அந்த வேளையில் எதையும் மாற்ற முடியாது. ஆகவே கீழே சொல்லப்படுபவற்றைத் தேர்தல் இல்லாத மாதங்களிலேயே செய்து முடிக்க வேண்டும்.

முதலாவது படி: பதியும் இடத்தால் எது மாறும் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதியாகக் கொள்ளப்படுவதால், வெள்ளவத்தையில் பதிந்த வாக்குக்கும் மூதூரில் பதிந்த வாக்குக்கும் வேறுபாடில்லை. பாராளுமன்றத் தேர்தல் அப்படிப்பட்டதன்று. கொழும்பில் பதிந்தவர் கொழும்பு மாவட்ட வேட்பாளர்களுக்கே வாக்களிக்கலாம். சேருவில, திருகோணமலை, மூதூர் ஆகிய மூன்று தேர்தல் தொகுதிகளைக் கொண்ட நம் மாவட்டத்தின் நான்கு உறுப்பினர்களைத் தெரிவு செய்வதில் அவருக்குப் பங்கில்லை. உள்ளூராட்சித் தேர்தலிலோ வட்டாரமே கணக்கு.

பலர் கவனிக்காத இன்னொரு விடயமும் உண்டு. மாவட்டங்களில் இருந்து தெரிவாகும் 196 உறுப்பினர்களில், ஒன்பது மாகாணங்களுக்கும் தலா நான்காக ஒதுக்கப்படும் 36 இடங்கள் போக, மீதி 160 இடங்களும் பதிந்த வாக்காளர் தொகையைக் கொண்டே மாவட்டங்களுக்குப் பங்கிடப்படுகின்றன. 2010 இல் ஒன்பது உறுப்பினர்களைக் கொண்டிருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2015 இல் ஏழாகவும் 2024 இல் ஆறாகவும் குறைந்ததற்கு இந்தக் கணக்கே காரணம்.

இரண்டாவது படி: உங்கள் வதிவிடம் எது என்று தீர்மானியுங்கள்

1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க வாக்காளர்களைப் பதிவு செய்தல் சட்டம், ஒருவர் தகைமைத் திகதியன்று சாதாரணமாக வசிக்கும் இடத்தையே அடிப்படையாகக் கொள்கிறது. அந்தத் திகதி இப்போது ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 1 ஆகும். பிறந்த ஊரோ, தேசிய அடையாள அட்டையில் உள்ள முகவரியோ, காணி உறுதி யாருடைய பெயரில் உள்ளது என்பதோ தன்னளவில் இதைத் தீர்மானிப்பதில்லை.

உவர்மலையில் தாய் தகப்பனுடன் வீடு இருக்க, பேராதனையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி, விடுமுறைக்கு வீட்டுக்கே திரும்புகிறவர் என்பதால், அவருடைய பெயர் உவர்மலையில் இருப்பதே பொருத்தம். மனைவி பிள்ளைகளுடன் தெஹிவளையில் பல ஆண்டுகளாக வாடகைக்கு இருப்பவரின் நிலை வேறு. அவர் வசிப்பது தெஹிவளையில்தான், ஊர்ப்பற்று அதை மாற்றாது. கிழமை நாட்களில் கொழும்பில் போர்டிங்கிலும் மாதம் இருமுறை நிலாவெளியில் குடும்பத்துடனும் இருப்பவர்களுக்கே உண்மையான சிக்கல் வருகிறது. குடும்பமும் குடித்தனமும் இருக்கும் இடத்தைத் தெரிவதே நியாயமென்பது என் கருத்து. போரினால் இடம்பெயர்ந்தவர்கள் தம் முந்திய நிரந்தர வதிவிடத்தில் பதிவதற்கென விசேட ஏற்பாடுகளும் சட்டமாக்கப்பட்டன. 2006 இல் சம்பூரை விட்டு வெளியேறிய குடும்பங்களைப் போன்றோரின் நிலைமையை எண்ணிப் பார்த்தால் அதன் தேவை விளங்கும்.

எதைத் தெரிந்தாலும் பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். “இரண்டு பக்கமும் கிடக்கட்டும்” என்ற யோசனையை முளையிலேயே கிள்ளிவிடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டே பதிவு நடப்பதால் இரட்டைப் பதிவு அகப்பட்டுவிடும்.

மூன்றாவது படி: கிராம அலுவலரிடம் பதியுங்கள்

ஆண்டுதோறும் நடைபெறும் இடாப்புத் திருத்தத்தின்போது கிராம அலுவலர் தம் பிரிவிலுள்ள வீடுகளின் விபரங்களைச் சேகரிக்கிறார். புதிய இடத்துக்கு மாறியவர், அவர் வரும்வரை காத்திராமல், அடையாள அட்டையையும் முன்னர் பதிந்திருந்த முகவரி, கிராம அலுவலர் பிரிவு ஆகிய விபரங்களையும் எடுத்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குத் தாமே செல்வது நல்லது. பழைய விபரத்தைச் சொல்லாமல் விடுவதே இரட்டைப் பதிவுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வரும் இடைஞ்சல் பெரும்பாலும் வீட்டு உரிமையாளரிடமிருந்தே வருகிறது. வாடகையாளரின் பெயர் தம் முகவரியில் ஏறினால் நாளை வீட்டுக்கே உரிமை கோருவார் என்று அவர் அஞ்சுகிறார். வாக்காளர் பதிவு வசிப்பைக் காட்டுமே தவிர, ஆதனத்தின் மீது எந்த உரிமையையும் தராது என்பதை அவருக்கு அமைதியாக விளக்குங்கள். அப்படியும் அவர் உடன்படாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தின் பிரதியுடன் கிராம அலுவலரைச் சந்தியுங்கள். அங்கும் சரிவராவிட்டால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, கடிதத்தின் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கவிருக்கும் பெற்றோர் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். அரச பாடசாலை அனுமதிக்கு வாக்காளர் இடாப்புப் பிரதிகள் வதிவிடச் சான்றாகப் பார்க்கப்படுகின்றன. ஒரே முகவரியில் தொடர்ச்சியான பதிவு இல்லாதவர்கள் புள்ளிகளை இழக்கிறார்கள்.

நான்காவது படி: பட்டியலைப் பாருங்கள்

திருத்தம் முடிந்ததும் நீக்கப்படவுள்ள பெயர்களின் பட்டியலும் சேர்க்கப்படவுள்ள பெயர்களின் பட்டியலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கிராம அலுவலர் அலுவலகம், பிரதேச செயலகம், மாவட்டத் தேர்தல் அலுவலகம் ஆகியவற்றில் அவற்றைப் பார்க்கலாம். தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேடலாம். பெயர் விடுபட்டிருந்தால் குறித்த காலத்துக்குள் உரிமைக் கோரிக்கையும், தகுதியற்ற பெயர் சேர்ந்திருந்தால் ஆட்சேபனையும் சமர்ப்பிக்க வேண்டும். கோரிக்கைக் காலம் கடந்தபின் அடுத்த ஆண்டுதான்.

ஐந்தாவது படி: தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்

அப்போது நடைமுறையில் இருக்கும் இடாப்பே செல்லும். 2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் 2024 ஆம் ஆண்டின் இடாப்பைக் கொண்டே நடந்தது. இடையில் வீடு மாறியவர்கள் பழைய இடத்திலேயே வாக்களிக்க வேண்டியிருந்தது.

ஊர் வர முடியாத எல்லோருக்கும் தபால் மூல வாக்களிப்பு உண்டு என்று நினைப்பது தவறு. அரச சேவையாளர், பொலிஸார், முப்படையினர், போக்குவரத்துச் சபை ஊழியர் போன்று தேர்தல் நாளில் கடமையின் காரணமாக வாக்களிப்பு நிலையத்துக்குச் செல்ல இயலாதவர்களுக்கே அது உரியது. தனியார் நிறுவன ஊழியருக்கு அது கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்தபடி வாக்களிக்கவும் வழியில்லை.

தனியார் துறையினருக்கு விடுமுறை உண்டு. எழுத்தில் விண்ணப்பிக்கும் ஊழியருக்குச் சம்பளமும் சொந்த விடுமுறையும் குறையாமல், வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் இருந்தால் அரை நாளும், 40 முதல் 100 வரை ஒரு நாளும், 100 முதல் 150 வரை ஒன்றரை நாளும், 150க்கு மேல் இரண்டு நாளும் வழங்க வேண்டும் என்பது நடைமுறையாகும். கொழும்பிலிருந்து திருகோணமலை 250 கிலோமீற்றருக்கும் கூடிய தூரம் என்பதால் இரண்டு நாள் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். இரவுத் தபால் ரயிலில் ஆசனம் பதிவதென்றால் விண்ணப்பம் கொடுத்த அன்றே பதிந்துவிடுங்கள்.

வாக்காளர் அட்டை தபாலில் வராவிட்டாலும், இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். ஆனால் தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆவணம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.