மலையில இருந்துக்கிட்டு பருவுக்கு ரெட்டினாய்டு க்ரீம் போடுறவங்களுக்கு: முதல் நாள்லேர்ந்து எப்படி ஆரம்பிக்கணும்

கோத்தகிரியில மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கிறவ நான், ஃபார்மசிஸ்ட். பருவுக்கு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டோட காலேஜ் பசங்க, எஸ்டேட் அக்காங்க, கல்யாணம் நிச்சயமான பொண்ணுங்கன்னு நெறைய பேர் வருவாங்க. சீட்டுல பெரும்பாலும் ட்ரெட்டினாயின் இருக்கும், இல்லனா அடாபலீன், ரெண்டுமே ரெட்டினாய்டு வகை மருந்துதான். டாக்டர் "நைட்டு போடுங்க"ன்னு ஒரே வரில சொல்லி அனுப்பிருப்பாரு, வெளிய அவ்ளோ கூட்டம், அவரும் என்ன பண்ணுவாரு. கொஞ்ச வாரம் கழிச்சு அதே ஆளு மூஞ்சியெல்லாம் உரிஞ்சு செவந்து போயி வந்து நின்னு "அக்கா இது எனக்கு ஒத்துக்கல, வேற குடுங்க"ம்பாங்க. கேட்டுப் பார்த்தா மருந்து மேல தப்பு இருக்காது, போட்ட வேகம்தான் தப்பா இருக்கும். கீழ கோயம்புத்தூர்ல இருக்குறவங்க தாங்குற வேகத்த நம்ம ஊரு காஞ்ச குளிர்ல மூஞ்சி தாங்காது. அதான் இத எழுதறேன், மெதுவா போங்கன்னு சொல்றதுக்கு.

மொதல்ல ட்யூபைப் படிங்க

பெரிய எழுத்துல இருக்குற கம்பெனி பேர விடுங்க, கீழ பொடி எழுத்துல மருந்துப் பேர் இருக்கும், அதப் பாருங்க. ட்ரெட்டினாயின்னா 0.025, 0.05, 0.1 சதவீதம்னு மூணு அளவுல வரும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு வழக்கமா 0.025 தான் எழுதுவாங்க. அடாபலீன்னா 0.1 ஜெல், எரிச்சல் கொஞ்சம் கம்மி. ஜெல்லா க்ரீமான்னு பாருங்க, உங்களுக்கு வறண்ட தோல்னா க்ரீமா மாத்திக் குடுக்க முடியுமான்னு டாக்டர்கிட்டயே கேக்கலாம், தப்பில்ல.

அதே பொடி எழுத்துல மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால்னு எதாவது இருந்துச்சுன்னா அது ஸ்டீராய்டு. ட்ரெட்டினாயினோட ஸ்டீராய்டும், கருமையக் குறைக்கிற ஹைட்ரோகுவினோனும் சேத்த க்ரீம் ஒண்ணு ஊர் ஊரா சுத்துது, மங்குக்கு டாக்டர் பார்த்து கொஞ்ச நாளைக்குன்னு குடுக்குறது அது, நம்மாளுங்க அத செவப்பழகு க்ரீம்னு நெனச்சு மாசக்கணக்குல பூசறாங்க. மொதல்ல மூஞ்சி பளபளன்னு ஆகும், அப்புறம் தோல் மெலிஞ்சு ரத்தக் கொழாய் கோடு கோடா தெரியும், நிறுத்துனா பரு கொத்துக் கொத்தா வரும். 2018-லயே ஸ்டீராய்டு க்ரீமையெல்லாம் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு கவர்மெண்ட் சொல்லிடுச்சு, ஆனாலும் பக்கத்து வீட்டு அக்கா ட்யூபை ஃபோட்டோ எடுத்துட்டு வந்து "இது குடுங்க"ன்னு கேக்கறவங்க குறையல.

இன்னொண்ணு, அமெரிக்காவுல 0.1 அடாபலீன 2016-லேர்ந்து சீட்டு இல்லாமலே விக்கறாங்க, வீடியோல அதப் பார்த்துட்டு வந்து இங்க சண்டை போடாதீங்க. இங்க அட்டைல செவப்புக் கோடு இருக்கு, சீட்டு வேணும்.

யாரு போடவே கூடாது

கர்ப்பமா இருக்கறவங்க, கர்ப்பத்துக்கு முயற்சி பண்றவங்க, நாள் தள்ளிப் போயிருக்குன்னு சந்தேகமா இருக்கறவங்க யாரும் தொடாதீங்க. புதுசா கல்யாணம் ஆனவங்க வெக்கப்பட்டு டாக்டர்கிட்ட சொல்லாம விட்டுடறாங்க, சொல்லிடுங்க, கர்ப்பத்துல போடக்கூடிய வேற மருந்து இருக்கு. பால் குடுக்குற அம்மாங்களும் கேட்டுட்டுப் போடுங்க. பருவுக்கு உள்ளுக்கு சாப்புடுற ஐசோட்ரெட்டினாயின் கேப்சூல் இருக்கே, அது இத விட பல மடங்கு கண்டிப்பான மருந்து, வயித்துல இருக்குற கொழந்தைக்கு ஊனம் வரும், ரத்த டெஸ்ட் பார்த்துதான் குடுப்பாங்க. க்ரீம் பழகிடுச்சுன்னு யாரோ மிச்சம் வெச்ச கேப்சூல வாங்கி முழுங்காதீங்க.

எக்சிமா இருக்குற எடம், வெயில்ல கருகி எரியுற தோல், வெட்டுக்காயம் இதுக்கு மேலயும் வேண்டாம்.

இது உள்ள என்ன பண்ணுது

பரு வெளிய தெரியறதுக்கு பல வாரம் முன்னாடியே முடித் துவாரத்துக்குள்ள செத்த தோலும் எண்ணெயும் சேந்து கண்ணுக்குத் தெரியாத அடைப்பா உக்காந்திருக்கும். ரெட்டினாய்டு அந்த அடைப்பே உருவாகாம பாத்துக்குது. இது புரிஞ்சாலே ரெண்டு விஷயம் தானா தெளிவாயிடும்: வந்த பரு மேல மட்டும் பொட்டு வெக்கிறதுல பெருசா பிரயோஜனம் இல்ல, பரு வர்ற பகுதி முழுக்கப் போடணும். அப்புறம் ஒரு வாரத்துல ரிசல்ட் கேக்கக் கூடாது, 12 வாரமாவது ஆகும்.

முதல் ராத்திரி

இத கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், பாதிப் பேரு இங்கதான் கோட்டை விடறாங்க.

கெய்சர் தண்ணிய சுடச்சுட எடுத்து மூஞ்சில அடிக்காதீங்க. குளிர்ல அது சொகமாத்தான் இருக்கும், ஆனா தோல்ல இருக்குற கொஞ்சநஞ்ச எண்ணெயும் போயிடும், வெதுவெதுன்னு இருந்தா போதும். சாதா மைல்ட் ஃபேஸ் வாஷ், ஸ்க்ரப் எல்லாம் கூடாது, வால்நட் ஓடு பொடி பண்ணிப் போட்டது இருக்கே அத தூக்கி ஓரமா வெச்சிடுங்க. கழுவிட்டு டவலால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க.

அப்புறம் வெயிட் பண்ணணும். 20லேர்ந்து 30 நிமிஷம். ஈரமா இருக்குற தோல்ல மருந்து சட்டுன்னு உள்ள போயி எரிச்சல் கூடும். இந்த நேரத்துல அடுப்புப் பக்கத்துல உக்காந்து குளிர் காயறேன்னு மூஞ்சியக் காட்டாதீங்க, தணலுக்கு முன்னாடி தோல் முறுக்கு மாதிரி காஞ்சிடும். சாப்பாட்ட முடிங்க, பாத்திரம் கழுவுங்க, நேரம் போயிடும்.

மூக்கு ஓரம், வாய் ஓரம், கண்ணச் சுத்தி லேசா வாஸ்லின் தடவிக்கோங்க, மருந்து வழிஞ்சு போயி அந்த மடிப்புல தேங்குனா வெடிச்சிடும், அப்புறம் ரசம் சோறு சாப்பிடும்போது வாய் ஓரம் எரியறது இருக்கே, கேக்கவே வேண்டாம்.

இப்ப மருந்து. மூஞ்சி முழுக்கச் சேத்து ஒரு பட்டாணி அளவு. நம்ம ஊட்டிப் பட்டாணி இல்லீங்க, கடையில விக்கிற காஞ்ச பட்டாணி. விரல் நுனில எடுத்து நெத்தி, ரெண்டு கன்னம், தாடைன்னு புள்ளி புள்ளியா வெச்சுட்டு அப்புறம் பரப்புங்க, மொத்தத்தையும் ஒரே கன்னத்துல வெச்சு இழுத்தா அந்தக் கன்னம் மட்டும் உரியும். போட்டதும் கண்ணாடில ஒண்ணுமே தெரியாது, "பத்தலையோ"ன்னு இன்னொரு தடவ பிதுக்கத் தோணும். பிதுக்காதீங்க. கூடப் போட்டா சீக்கிரம் சரியாகாது, சீக்கிரம் உரியும், அவ்ளோதான்.

கை கழுவிட்டு மேல மாய்ஸ்சரைசர், வாசனை இல்லாதது, கொஞ்சம் கெட்டியாவே இருக்கட்டும். வறண்ட தோல்காரங்க மாய்ஸ்சரைசர், அதுமேல மருந்து, திரும்ப மாய்ஸ்சரைசர்னு மூணு அடுக்காப் போடலாம். மருந்தோட வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனா விட்டுட்டு ஓடறதுக்கு அது எவ்ளவோ மேல்.

வாரக் கணக்கு

முதல் ரெண்டு வாரம் வாரத்துக்கு ரெண்டு ராத்திரி மட்டும், நடுவுல ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டு. எரிச்சல் இல்லனா மூணு ராத்திரி, அப்புறம் ஒண்ணு விட்டு ஒண்ணு, தாங்குச்சுன்னா தெனமும். டாக்டர் வேற கணக்கு சொல்லிருந்தா அவர் சொன்னதுதான். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரில உறைபனி விழுற நேரம் ஆரம்பிக்கிறவங்க வாரத்துக்கு ரெண்டு ராத்திரிங்கற கணக்குலயே ஒரு மாசம் வரைக்கும்கூட நிக்கலாம், ஒண்ணும் கெட்டுப் போகாது. என்னக் கேட்டா ஐப்பசி மழைல ஆரம்பிக்கறது நல்லது, காத்துல ஈரம் இருக்கும், பனி வர்றதுக்குள்ள தோல் பழகிடும்.

தெனமும் போட்டுட்டிருந்தவங்களும் பனிக்காலத்துல ஒரு படி கீழ எறங்கிக்கோங்க.

காலைல சன்ஸ்க்ரீன், மேகமா இருந்தாலும்

"இங்க எங்கக்கா வெயிலு, ஸ்வெட்டர் போட்டுட்டுத் திரியறோம்"னு சொல்லாத ஆளே கெடையாது. குளிருக்கும் யூவிக்கும், அதான் வெயில்ல வர்ற புற ஊதாக் கதிருக்கும், சம்பந்தமே இல்ல. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் மேல ஏறும்போதும் யூவி சுமாரா பத்து சதவீதம் கூடும், ஊட்டி 2240 மீட்டர்ல இருக்கு, அப்போ மேட்டுப்பாளையத்துல மண்டையப் பொளக்குற வெயில்னு சொல்றோமே, அத விட மேல இருக்குற குளுகுளு வெயில்லதான் யூவி அதிகம். சூடு தெரியாததால நாமளும் நெழலுக்கு ஒதுங்க மாட்டோம். மெல்லிசா மூடுன மேகத்துலயும் யூவி பெரும்பங்கு எறங்கி வந்துடும். ரெட்டினாய்டு போட்ட தோல் வெயிலுக்குச் சீக்கிரம் எரியும், நம்ம நெறத்துக்கு அது கருப்புத் தழும்பா நிக்கும், பரு போனாலும் கறை போகாது.

எஸ்.பி.எஃப் 30 இல்லனா அதுக்கு மேல, மூஞ்சிக்கும் கழுத்துக்கும் சேத்து ரெண்டு விரல் நீளம். தோட்டத்துல பச்சை எடுக்குறவங்க, கேரட் காட்டுல நிக்கிறவங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் போடணும்னு புஸ்தகம் சொல்லும், கை முழுக்க மண்ணும் தேயிலைக் கறையுமா இருக்கும்போது அது எங்க நடக்கும், அதனால காலைல ஒண்ணு, சாப்பாட்டு நேரத்துல கை கழுவிட்டு ஒண்ணு, மத்தபடி தலைல போடுற துணிய நெத்தி, கன்னம் மறையற மாதிரி முன்னாடி இழுத்து விட்டுக்கோங்க. பஸ்ல ஜன்னல் சீட்டுக்காரங்களும் போட்டுக்கணும், யூவிஏங்கற வகைக் கதிர் கண்ணாடி வழியாவும் வரும்.

மருந்து மட்டும் ராத்திரிதான். ட்ரெட்டினாயின் வெளிச்சம் பட்டா வீணாயிடும். பருவுக்கான இன்னொரு மருந்தான பென்சாயில் பெராக்சைடும் சேத்து எழுதியிருந்தாங்கன்னா அது காலைல, இது ராத்திரின்னு பிரிச்சுக்கோங்க. ரெண்டும் கலந்தே வர்ற அடாபலீன் ட்யூபுக்கு இந்தக் கவலை இல்ல.

நம்ம ஊரு வில்லனுங்க

முதல் வில்லன் தைலம். சளி புடிச்சா நீலகிரித் தைலம் தடவறது, ஆவி புடிக்கறதுன்னு நமக்கு ரத்தத்துலயே இருக்கு. ரெட்டினாய்டு போட்ட மூஞ்சில தைலம் பட்டா தீ வெச்ச மாதிரி எரியும். சளின்னா நெஞ்சுல முதுகுல தடவுங்க, மூக்குகிட்ட கொண்டு போகாதீங்க, ஆவி புடிச்சே ஆகணும்னா ரெண்டு மூணு ராத்திரி மருந்த நிறுத்திக்கோங்க.

அடுத்தது தேங்காண்ணெய். குளிர்ல ஒறஞ்சு போனத அடுப்புப் பக்கத்துல வெச்சு உருக்கி தலைல ஊத்தி, அது நெத்திக்கு எறங்கி, அதுக்கு மேல மங்கி குல்லா. நெத்தில பொடிப்பொடியா வராம என்ன செய்யும். கம்பளி மஃப்ளர் தாடைய ஒரசுற எடத்துல உரியறதும் நெறைய பாக்கறேன், உள்ள ஒரு காட்டன் கர்ச்சீப் கட்டிக்கோங்க. எலுமிச்சம்பழம், டூத்பேஸ்ட் ரெண்டும் வேண்டவே வேண்டாம். மூஞ்சில வேக்சிங், ப்ளீச் இந்த மருந்து போடற வரைக்கும் கூடாது, தோலோட பிஞ்சு வரும். த்ரெடிங் பண்ணணும்னா சில நாள் முன்னாடியே நிறுத்திட்டுப் போங்க. ஷேவ் பண்ற தம்பிங்க ஸ்பிரிட் வாசன அடிக்குற ஆஃப்டர்ஷேவ விட்டுடுங்க.

பரு கூடுதே, என்ன பண்றது

ரெண்டாவது வாரத்துலேர்ந்து ஆறாவது வாரத்துக்குள்ள சில பேருக்கு பரு கூடற மாதிரி தெரியும். உள்ள இருந்த அடைப்பு வெளிய வருது. வழக்கமா உங்களுக்கு வர்ற எடத்துலயே சின்னச் சின்னதா வந்து சீக்கிரம் அமுங்குனா தொடருங்க. இது வரைக்கும் பரு வராத எடத்துல செவப்பா, அரிப்போட, சோப்புத் தண்ணி பட்டாலே எரியுற மாதிரி இருந்தா அது எரிச்சல், மூணு நாலு ராத்திரி மருந்த நிறுத்தி வெறும் மாய்ஸ்சரைசர் போடுங்க, அடங்குனதும் எண்ணிக்கையக் குறைச்சு மறுபடி ஆரம்பிங்க. லேசா உரியறது சகஜம், அத நகத்தால பிச்சு எடுக்காதீங்க. கொப்புளம், மூஞ்சி வீக்கம், கண்ணு வீக்கம்னா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரி.

12 வாரத்துக்கு அப்புறம்

ஆரம்பிக்கிற அன்னிக்கு ஜன்னல் வெளிச்சத்துல மூணு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, மாசம் ஒருக்கா அதே ஜன்னல், அதே நேரம். தெனம் கண்ணாடி பாக்கறவங்களுக்கு மாத்தம் தெரியாது, ஃபோட்டோல தெரியும், டாக்டர்கிட்டயும் அதையே காட்டலாம். 12 வாரம் ஒழுங்காப் போட்டும் அப்படியே இருந்தா திரும்பப் போங்க. கட்டி கட்டியா வலியோட வந்தா, குழி விழுந்தா அத்தன நாள் காத்திருக்க வேண்டாம், குழி விழுந்துட்டா க்ரீமால நெரவ முடியாது. பொண்ணுங்களுக்கு தாடைலயே திரும்பத் திரும்ப வந்து, பீரியட்ஸும் தள்ளிப் போயி, மூஞ்சில முடியும் வளந்தா அதையும் சேத்துச் சொல்லுங்க, ஹார்மோன் டெஸ்ட் பாக்க வேண்டியிருக்கும். ஸ்கின் டாக்டரப் பாக்க கோயம்புத்தூர் எறங்கித்தான் ஆகணும்னு இல்ல, ஊட்டி கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில மொதல்ல விசாரிங்க.

சரியாயிடுச்சுன்னா உடனே நிறுத்தாதீங்க, அடைப்பு மறுபடி சேரும். எத்தன நாளைக்கு ஒருக்கா தொடரணும்னு டாக்டர்கிட்ட கேட்டு சீட்டுலயே எழுதி வாங்கிக்கோங்க. அடுத்த ட்யூபுக்கு வரும்போது அந்தச் சீட்டோட பழைய ட்யூபையும் எடுத்துட்டு வாங்க, 0.025 போட்டுட்டிருந்தவங்க பேர மட்டும் ஞாபகம் வெச்சு 0.1 வாங்கிட்டுப் போறது அப்பத்தான் நடக்காது.