‘பர்ஸாத்’ எங்கிருந்து வந்தது? உருதுச் சொல்லின் வேரைத் தேடும் முறை

உருதுவில் மழைக்காலத்துக்குப் ‘பர்ஸாத்’ என்று பெயர். இந்த ஒரு சொல்லை வைத்தே வேர் தேடும் வழியைக் காட்டுகிறேன். உருது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: எழுத்தைப் பாருங்கள். ஐன், ஸுவாத், தோய் போன்றவை இருந்தால் பெரும்பாலும் அரபுச் சொல். நாக்கை மடித்துச் சொல்லும் ‘ட’ இருந்தால் பெரும்பாலும் இந்தியச் சொல். பர்ஸாத்தில் பே, ரே, ஸீன், அலிஃப், தே என எல்லாமே பொது எழுத்துகள். ஆக, அகராதிதான் கதி.

படி 2: பிளாட்ஸ் என்பவர் 1884-இல் வெளியிட்ட உருது–ஆங்கில அகராதியைத் திறங்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கவிதை எடுத்துக்காட்டுகளுக்கு ரேக்தா என்ற உருது இணையதளம் அருமை. வேருக்கு என் முதல் தேர்வு பிளாட்ஸ்தான். உருது எழுத்திலேயே தேடுங்கள், ரோமன் எழுத்தில் நெடில் குறிகள் படுத்தும். சொல்லுக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தைக் கவனியுங்கள்: ஏ அரபு, பி பாரசீகம், எஸ் சமஸ்கிருதம், ஹெச் இந்தி. பர்ஸாத்துக்கு ஹெச்.

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும். மழைக்கு உருதுவில் ‘பாரிஷ்’ என்றும் ஒரு சொல் உண்டு. ஒலியும் பொருளும் நெருங்கி வருவதால் இரண்டையும் ஒரே வேரில் கட்டத் தோன்றும். கட்டக் கூடாது. பாரிஷ் பாரசீகம், ‘பாரீதன்’ (பொழிதல்) என்ற வினையோடு ‘இஷ்’ விகுதி சேர்ந்தது. கோஷிஷ், பர்வரிஷ் எல்லாம் இதே வார்ப்பு. பர்ஸாத்தோ ‘பரஸ்னா’ (பொழிதல்) என்ற வினையின் உறவு. அதன் வேர் சமஸ்கிருத ‘வர்ஷ’. சொல் முதலில் வ, பின்னால் ப ஆவது இந்தியில் வழக்கம்: விவாஹ – ப்யாஹ், வானர – பந்தர். நாம் சொல்லும் ‘வருஷம்’கூட அதே வர்ஷதான், மழைக்கும் ஆண்டுக்கும் அங்கே ஒரே சொல்.

பின்சேர்க்கை: ‘கயாலாத்’ (எண்ணங்கள்) போல பர்ஸாத்தும் அரபுப் பன்மையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. ‘வர்ஷாராத்ர’ என்ற கூட்டுச்சொல் பிராகிருதத்தில் ‘வரிஸாரத்த’ ஆகி, மேலும் தேய்ந்து பர்ஸாத் ஆனது. கடைசியில் ஒட்டியிருப்பது ராத்திரி! ஆனால் பொருள் மழை இரவு அல்ல, மழைக்காலம் முழுவதும்.

‘மௌஸம்’ பற்றியும் கேள்வி வந்தது. அதுதான் அரபு, பருவம் என்று பொருள். போர்த்துகீசியர் வாய்வழி ‘மான்சூன்’ ஆனது அந்தச் சொல்தான்.