கொம்பு எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு

தமிழில் 247 எழுத்து இருக்கிறது என்று சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, அப்புறம் சில குறிகள். இவை பிடிபட்டாலே வாசிக்கத் தொடங்கிவிடலாம்.

பெரும்பாலும் சிக்குவது கொம்பில்தான். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது; அதன் ஒலியோ 'க்'குக்குப் பிறகு வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கும் பிள்ளை குழம்பத்தானே செய்யும்?

பழைய காலண்டர் அட்டையைத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் மூன்றையும் சிவப்பிலும், க, த, ப, ம போன்றவற்றைக் கறுப்பிலும் எழுதுங்கள். 'ம'வுக்கு முன் ஒற்றைக் கொம்பை வைத்தால் 'மெ'. பின்னால் காலும் சேர்ந்தால் 'மொ'. பக்கத்தில் 'ட்டு' அட்டையை வைத்தால் மொட்டு! அட்டையை நகர்த்துவதும் உரக்கச் சொல்வதும் பிள்ளையின் வேலை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஓரிடத்தில் உட்காராத பிள்ளையா? தரையில் சாக்பீஸால் எழுதி, நீங்கள் சொல்லும் எழுத்தின் மேல் குதிக்க விடுங்கள். பென்சில் பிடிக்க அலுத்துக்கொண்டால் தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதட்டும். கதை கேட்கப் பிடிக்குமென்றால், வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை நகர்த்துங்கள். 'இவன் பார்த்துத்தான் கற்பான்' என்று முடிவுகட்டி ஒரே வழியில் நிற்காமல், எல்லாவற்றையும் கலந்து செய்வதே நல்லது.

ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். 'பல்' நன்றாகப் படிந்த பிறகு 'பள்ளி', அதற்கும் பிறகு 'பழம்'.