புயல் ஒடிசாவுக்குத்தானே, நமக்கென்ன? கடல் வானிலைச் செய்தியைப் படிப்பதில் மதுரைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 அக்டோபர் 24 நள்ளிரவையொட்டி டானா புயல் ஒடிசாவில் கரையேறியது. மதுரைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். மறுநாள் பிற்பகல் மதுரையில் கால் மணி நேரத்தில் 4 செ.மீ.க்கு மேல் இடிமழை கொட்டியது. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி, செல்லூர்த் தெருக்களில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். "புயல்தான் வடக்கே போய்விட்டதே" என்று காலையில் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. டிவியில் காட்டியது முழுக்கப் புயலைத்தான். புயல் இல்லாத இடத்தில் மழை இல்லை என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம்.

புயலின் வலுவை வைத்து மழையை எடைபோடுவதுதான் இங்கே நடக்கும் தவறுகளில் பெரியது. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்ற வரிசை முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்துப் பிரித்தது. மணிக்கு சுமார் 31 கி.மீ.யைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 62 கி.மீ.யைத் தாண்டினால் புயல். அப்போதுதான் பெயரும் கிடைக்கும். எத்தனை செ.மீ. பெய்யும் என்பதற்கும் இந்த வரிசைக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். குமரிக்கடல் பக்கம் இருந்தது வெறும் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அதாவது தரைக்கு மேலே உயரத்தில் சுழலும் காற்று. பெயர் கிடையாது, தாழ்வுப் பகுதி என்ற பட்டம்கூடக் கிடையாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. அந்த ஊருக்கு ஓராண்டு முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மூழ்கின. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே சிக்கி நின்றது. 'மேலடுக்குச் சுழற்சி காரணமாக' என்று தொடங்கும் செய்தியைக் கேட்டதும் சேனலை மாற்றுகிறவர்கள், அந்த டிசம்பருக்குப் பிறகாவது கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? சுழற்சி எங்கே நிற்கிறது, அதனால் நம் ஊருக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற இரண்டையும் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. நம் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். தாழ்வு சென்னைக்கு நேரே கடலில் நின்றால், அதற்குத் தென்மேற்கே இருக்கும் மதுரைக்கு மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் காற்று வரும். மேற்குத் தொடர்ச்சி மலை தாண்டி, நிலத்தின் மேலேயே பயணம் செய்து ஈரம் வற்றிய காற்று அது. சென்னை வெள்ளத்தில் தவிக்கும்போது இங்கே வெறும் மேகமூட்டத்தோடு போவதற்கு இதுதான் காரணம். அதே தாழ்வு இலங்கைக்குத் தெற்கிலோ மன்னார் வளைகுடாவிலோ குமரிக்கடலிலோ இருந்தால் கதை தலைகீழ். அதன் வடக்குப் பக்கத்தில் நாம் இருப்போம். கிழக்கிலிருந்து ஈரக்காற்று நேராக உள்ளே வரும். மதுரைக்கும் தொண்டிக் கடலுக்கும் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்தான். கொண்டல் காற்றுக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆகவே மதுரைக்காரருக்குச் சென்னையை நெருங்கும் தீவிரப் புயலைவிடக் குமரிக்கடலில் கிடக்கும் சோம்பேறித் தாழ்வுதான் கவனிக்க வேண்டிய ஆள்.

மே மாதப் புயல்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2023 மே மாதத்தில் மோக்கா வங்கக்கடலில் உருவாகி மியான்மருக்குப் போனது. வடகிழக்கே போகும் இப்படிப்பட்ட புயல் நமக்கு மழை தராது. நிலத்திலிருந்து காய்ந்த காற்றைக் கடல் நோக்கி இழுக்கும். கடற்காற்று உள்ளே வருவதும் தடைபடும். 'வங்கக்கடலில் புயல்' என்ற தலைப்பைப் பார்த்து அக்கினி நட்சத்திரத்துக்கு விடுமுறை கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள், இரண்டு நாளில் மதுரை விமான நிலைய வெப்பநிலையைப் பார்த்துவிட்டுப் புயலைத் திட்டுவார்கள்.

தூரத்தையும் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். 'நாகைக்குத் தென்கிழக்கே 400 கி.மீ. தொலைவில்' என்றால் அது மையப் புள்ளியின் தூரம். மழை மேகங்கள் மையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்திருக்கும். பெரும்பாலும் மையத்தைவிட அதன் ஒரு பக்கத்தில்தான் மழை குவியும். இதே தவறின் மறுபக்கம், 'புயல் கரையைக் கடந்தது' என்றதும் கதை முடிந்தது என்று நினைப்பது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, புதுக்கோட்டைத் தென்னைகளையெல்லாம் சாய்த்துவிட்டு மேற்கே நகர்ந்து கொடைக்கானல் வரை மரங்களைப் பிடுங்கியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கரையேறியது; அதன் பிறகுதான் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக உள்ளே இருக்கும் ஊர் அது. மதுரையும் அப்படித்தான் இருக்கிறது.

சொன்னது நடக்கவில்லையா, சொன்னதைப் படிக்கவில்லையா?

'மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு.' இதைப் படித்துவிட்டுத் திருமங்கலத்தில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்று வானிலை மையத்தைக் கிண்டல் செய்வது நம் ஊர்ப் பொழுதுபோக்கு. ஓரிரு இடங்கள் என்றால், அந்தப் பரப்பில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால்வாசி. மேலூரில் 8 செ.மீ. பெய்து உசிலம்பட்டி காய்ந்து கிடந்தால் முன்னறிவிப்பு பலித்துவிட்டது என்றே அர்த்தம். கனமழை என்பதற்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. ஆனால் 7 செ.மீ. நாள் முழுக்கத் தூறலாகப் பெய்தால் கண்மாய்க்கு நல்லது, அரை மணி நேரத்தில் கொட்டினால் செல்லூருக்குக் கெட்டது. அந்த வித்தியாசத்தை மாவட்ட எச்சரிக்கையின் மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் காட்டாது. சில மணி நேரத்துக்கு மட்டும் தருகிற குறுகிய நேர அறிவிப்பைத்தான் நகரத்துக்காரர்கள் பார்க்க வேண்டும்.

இன்னொரு சின்னக் குழப்பம். நாளிதழில் வரும் மழை அளவு முந்தின நாள் காலை 8.30 முதல் அன்றைய காலை 8.30 வரையிலான கணக்கு. நேற்று மாலை பெய்த மழை இன்றைய தேதியில் பதிவாகும். தேதி தப்பு என்று சண்டை போட வேண்டாம்.

'புயல் பொய்த்துவிட்டது' என்ற குற்றச்சாட்டுக்குப் புரெவி நல்ல உதாரணம். 2020 டிசம்பர் 2 அன்று இலங்கையில் திருகோணமலைப் பக்கம் நுழைந்து, மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கடக்கும் என்றார்கள். தென் மாவட்டங்கள் சிலவற்றுக்குப் பொதுவிடுமுறையும் விட்டார்கள். அது ராமநாதபுரம் கடலோரத்தில் நகராமல் நின்று வலுவிழந்தது. மழையோ வடக்கே சிதம்பரத்தில் 30 செ.மீ.க்கு மேல். ஒரு நாள் முன்னால் சொல்லும் புயல் மையத்தின் இடத்தில் சராசரியாக 70, 80 கி.மீ. விலகல் இருக்கும், மூன்று நாள் முன்னால் என்றால் 150 கி.மீ.யைத் தொடும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற தூரத்தைக் கிட்டத்தட்ட நெருங்கும் விலகல் அது. அதனால்தான் பாதை வரைபடத்தில் கோட்டைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் கூம்பு ஒன்று இருக்கிறது. கோட்டை மட்டும் பார்த்துவிட்டு 'நம்ம ஊர் மேல வருது', 'வரல' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது கூம்பை வரைந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அதைவிட அநியாயம், பத்து நாள் கழித்துக் கடலில் சிவப்பாக ஒரு சுருளைக் காட்டும் செயலிப் படம். அது ஒரே ஒரு கணினிக் கணக்கின் ஒரே ஒரு ஓட்டம். ஆறு அல்லது பன்னிரண்டு மணி நேரத்தில் அடுத்த ஓட்டம் வரும்போது சுருள் ஆந்திராவுக்குப் போயிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். தொடர்ந்து பல ஓட்டங்கள், வேறு வேறு கணினி மாதிரிகள் ஒரே இடத்தைக் காட்டத் தொடங்கினால் பேசலாம். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தவரும் மேலூரில் சம்பாவுக்கு உரம் வைக்க நாள் பார்ப்பவரும் ஐந்து நாளுக்கு மேற்பட்ட மழைப்படத்தை நம்பித் தேதியை மாற்ற வேண்டாம். செயற்கைக்கோள் படத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மழையும் இல்லை. உயரத்தில் உறைந்த மெல்லிய மேகமும் அதே வெள்ளைதான். படத்தின் மூலையில் இருக்கும் நேரம் பல தளங்களில் உலக நேரம். நம் நேரம் தெரிய அதோடு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் எண் போட்டு ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றி ஒரு வார்த்தை. பாம்பனில் 5 ஏற்றியிருந்ததை 6 ஆக்கினால் ஆபத்து கூடிவிட்டது என்று டிவியே பதறுகிறது. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக மேலேயே வருமா என்பதுதான் வேறுபாடு. 8, 9, 10 மூன்றும் இதேபோல, அடுத்த கட்டப் பெரும் ஆபத்து. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) என்றதும் பஞ்சம் என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். தென்மேற்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் கெடுதி, வடகிழக்குப் பருவமழைக்குப் பல ஆண்டுகளில் அனுகூலம். வலுவான எல் நினோ ஆண்டான 2015இல்தான் சென்னை மூழ்கியது.

கடைசியாக, வங்கக்கடலையே பார்த்துக்கொண்டு அரபிக்கடலை மறப்பது. மதுரைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடக்கும் ஜூலையில், அரபிக்கடல் ஈரம் தேக்கடி மலையில் கொட்டும். அது பெரியாறு அணைக்கு வந்து, சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகை அணைக்குச் சேரும். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. மூன்றாவது வந்தால் உபரி நீரைத் திறப்பார்கள். அணை நிறையாவிட்டாலும் கொடைக்கானல் சரிவிலிருந்து இறங்கும் மஞ்சளாறு, வைகை அணைக்குக் கீழே வந்து ஆற்றில் சேர்கிறது. ஆகவே ஊரில் மழை இல்லாத நாளிலும் ஆற்றில் தண்ணீர் வேகமாக ஏறலாம். தரைப்பாலத்தில் போலீஸார் தடுப்பு வைத்திருந்தால் வானத்தைப் பார்த்து வாதம் செய்யாமல் மேம்பாலத்துக்கு வண்டியைத் திருப்புங்கள். கரையோரத்தில் மாடு கட்டியிருப்பவர்கள் முதல் எச்சரிக்கையின் போதே அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோகலாம்.