காதுக்கருவி போட்ட பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால்

முதல் வரிசையில் இருத்தினால் சரி என்று நினைக்கிறோம். போதாது. கருவி டீச்சரின் குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்காது. வீதியில் போகும் பஸ் ஹோர்ன், மின்விசிறி, கதிரை இழுபடும் சத்தம் எல்லாம் சேர்ந்தே கேட்கும். அதனால் வீதிப்பக்க ஜன்னலில் இருந்து தள்ளி, இரண்டாம் வரிசை ஓரத்தில் இருத்துங்கள். திரும்பினால் மற்றப் பிள்ளைகளின் முகமும் தெரியும். கதிரைக் கால்களில் பழைய டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டினால் இழுபடும் சத்தம் நன்றாக அடங்கும் (மற்றவர்களுக்கும் நிம்மதி).

ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருட்டாகி உதடசைவு தெரியாது. பலகையில் எழுதிக்கொண்டே பேசுவதும் வேண்டாம். அப்புறம், 'விளங்கியதா?' என்றால் எந்தப் பிள்ளையும் தலையாட்டத்தான் செய்யும். 'இப்போ என்ன செய்யப் போகிறாய், சொல்லு பார்ப்போம்' என்று கேளுங்கள்.